கல்கத்தாவில் ஒரு காற்புள்ளி

சென்ற வாரம் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக்கை பெர்லினில், காசநோய்க் கிருமியோடு விட்டுவிட்டு வந்தோம். 1882 மார்ச் 24 அன்று அந்தக் கிருமியை அவர் அறிவித்தபோது, ஒரு நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று சாதிக்க என்னென்ன வேண்டும் என்பதும் கூடவே துலங்கிவிட்டது. நோய் உள்ளவர் எல்லோரிடமும் அந்தக் கிருமி இருக்க வேண்டும், இல்லாதவரிடம் இருக்கக் கூடாது. அதை உடலுக்கு வெளியே, வேறெதுவும் கலக்காமல் வளர்த்தெடுக்க வேண்டும். வளர்த்ததை நல்ல நிலையில் உள்ள ஒரு விலங்குக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும். காசநோயில் எல்லாவற்றையும் கோக் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே அந்த விதி அவரையே மடக்கியது. மடக்கிய நோய், வாந்திபேதி என்கிற காலரா.

1883-ல் எகிப்தில் காலரா பரவியது. ஜெர்மனி கோக்கை அனுப்பியது; பிரான்ஸ், பாஸ்டரின் ஆட்களை அனுப்பியது. இரண்டு குழுவும் அலெக்சாண்டிரியாவில் ஒரே நோயின் பிணங்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. செப்டம்பரில் பிரெஞ்சுக் குழுவின் லூயி தூயிலியே அதே காலராவுக்குப் பலியானார். வயது 27. அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் கோக்கும் ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். எகிப்தில் நோய் தணிந்து, ஆராயப் பிணங்கள் கிடைக்காமல் போனதால் கோக் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

டிசம்பர் 11 அன்று கல்கத்தா. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை தொடங்கியது. 1884 ஜனவரி 7 அன்று, கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துவிட்டதாக பெர்லினுக்கு எழுதினார். பிப்ரவரி 2 அறிக்கையில், அது சற்றே வளைந்து காற்புள்ளியைப் போல இருப்பதாகக் குறிப்பிட்டார். காலரா நோயாளிகளின் குடலில் இருந்தது. சாதாரண வயிற்றுப்போக்கில் இறந்தவர்களிடம் இல்லை. ஊர் மக்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் புழங்கிய பேலியாகட்டா குளம் ஒன்றின் நீரிலும் இருந்தது.

ஆனால் விலங்கு? பெர்லினிலிருந்தே ஐம்பது எலிகளைக் கொண்டுவந்திருந்தார் கோக். குரங்கு, பூனை, கோழி, நாய் எனப் பலவற்றிலும் முயன்றார். எதற்கும் காலரா வரவில்லை. வங்காளம் முழுக்க அந்த நீரையே குடித்து வாழும் விலங்குகளில் எதற்காவது இந்த நோய் வந்ததை யாராவது பார்த்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் வகுத்த நிபந்தனை அப்படியே நிறைவேறாமல் நின்றது.

ஆகவே வழக்கறிஞர் போல வாதாட வேண்டியதாயிற்று. கிருமியும் நோயும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. நோய் வந்த குடலில்தான் கிருமிக்கு வளர வசதி ஏற்படுகிறது என்றால், அது முன்பே எல்லோர் வயிற்றிலும் இருந்திருக்க வேண்டும், இல்லை. நோயே ஒரு சாதாரணக் கிருமியை இப்படி உருமாற்றுகிறது என்றால், அதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், கிருமியே காரணம். ஜெர்மானியர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. 1884-ல் திரும்பிய அவருக்கு ஒரு லட்சம் மார்க் பரிசும் கிடைத்தது.

இங்கிலாந்துக்குப் போதவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் காலரா போகிறது என்று ஒப்புக்கொண்டால் சூயஸ் கால்வாயில் ஒவ்வொரு சரக்குக் கப்பலையும் தடுத்து நிறுத்துவார்கள். இந்தக் கவலையும் அந்தச் சந்தேகத்துக்குள் இருந்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆய்வாளர் இமானுவேல் கிளைன், கோக் சொல்வது தவறு என்று எழுதினார். 1886-ல் 'அதிகாரபூர்வ மறுப்பு' என்ற தலைப்பிலேயே ஓர் அறிக்கை அச்சேறியது. இதற்கிடையே கோக், கினி பன்றிகளின் வயிற்று அமிலத்தைச் சோடாவால் தணித்து, அபினால் குடலின் அசைவையும் அடக்கி, கிருமியைப் புகட்டிப் பார்த்தார். பல செத்தன. ஆனால் வேறு சில கிருமிகளைக் கொடுத்தபோதும் அதே வழியில் சில செத்தன. இதை யார் நம்புவார்?

மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் நம்பவில்லை. சாக்கடையும் குடிநீரும் சீராக வேண்டும் என்று போராடி அந்த நகரத்தின் நலத்தை உயர்த்திய மனிதர். அவரை முட்டாள் என்று தள்ளிவிட முடியாது. கிருமி தேவைதான், ஆனால் மண்ணில் அது பக்குவப்பட்டால்தான் விஷமாகும் என்பது அவர் கட்சி. 1892 அக்டோபர் 7 அன்று, 73 வயதில், ஒரு மில்லிலிட்டர் காலராக் கிருமி வளர்ப்பைச் சோடா உப்புக் கரைசலில் கலந்து குடித்துவிட்டார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். சில நாள் கழித்துக் குடித்த சீடர் எம்மெரிக்குக்கு அதைவிட மோசம், ஆனாலும் பிழைத்தார். தன் கட்சி வென்றுவிட்டதாகவே பெட்டன்கோஃபர் முடிவு கட்டினார். எனக்கென்னவோ, இருவருக்கும் வயிறு போனதே கோக்குக்குச் சாதகமான சாட்சி என்று தோன்றுகிறது!

அதே ஆண்டு ஹாம்பர்க்கில் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டார்கள். சில வாரங்களில் காலராவில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியிருந்த ஆல்டோனா நகரமும் அதே ஆற்று நீரைத்தான் குடித்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே சாவு சொற்பம். வாதத்தை முடித்துவைத்தது இந்தக் கணக்குதான், ஆய்வுக்கூட விலங்கு அல்ல. மறு வருடமே நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களின் உடலிலும் கிருமியை கோக் கண்டார். அதாவது நோய் இல்லாதவரிடம் கிருமி இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் போயிற்று. அவர் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி தங்கிவிட்டது. கிருமி குடலைத் தாண்டிப் போவதே இல்லை. பிறகு எப்படி மனிதனை இவ்வளவு விரைவாக வற்ற வைக்கிறது? ஏதோ விஷத்தைச் சுரக்கிறது என்று கோக் 1884-லேயே ஊகித்திருந்தார். பலரும் அந்த விஷத்தைக் கிருமியின் உடலுக்குள் தேடினார்கள். விலங்குகளின் வயிற்றறையிலும் ரத்தத்திலும் கிருமியை ஊசியால் ஏற்றினார்கள். குடலில் வரும் நோயை வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதைச் சரியான இடத்தில் தேடியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. ஹூக்ளி மாவட்டத்துக்காரர், லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். முயலின் குடலில் ஒரு சிறு துண்டை, உடலிலிருந்து அறுத்தெடுக்காமலே, இரு முனையிலும் நூலால் கட்டி, அந்த அறைக்குள் உயிருள்ள கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீர் கட்டி உப்பியது. காலரா நோயாளியிடமிருந்து கழுநீராக வெளியேறுவது போலவே, குடல் தன் நீரை உள்ளே கொட்டியிருந்தது. இது 1953-ல். இதே போன்ற சோதனையை 1915-லேயே இருவர் செய்திருந்தது அப்போது அவருக்குத் தெரியாது.

அடுத்த அடி அதைவிட எளிது. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியை முழுவதும் நீக்கி, மிஞ்சிய தெளிந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. ஆக, கிருமி வெளியே சுரக்கும் ஒரு நச்சே காரியத்தைச் செய்கிறது. 1959-ல் 'நேச்சர்' இதழில் வந்த இந்தச் சிறு கட்டுரைக்குப் பின், அந்த நச்சைப் பிரித்தெடுக்கப் பலரும் இறங்கினார்கள். டேயின் சோதனை நடந்த இடம், 75 ஆண்டுகளுக்கு முன் கோக் காலரா வரும் விலங்கு கிடைக்காமல் தவித்த அதே கல்கத்தா மருத்துவக் கல்லூரி.

டேயை நோபல் பரிசுக்கு அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்மொழிந்தார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைப்பும் வந்தது. 1985-ல் அவர் இறக்கும் வரை இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராக்கவில்லை.

(தொடரும்)