சீன–சோவியத் உறவுச் சீரமைப்பு
கொள்கைப் பிணக்கால் பிரிந்து, 1969இல் உசூரி ஆற்றுத் தீவொன்றுக்காகத் துப்பாக்கியும் தூக்கிய சோவியத் ஒன்றியமும் சீனாவும் 1989இல் உறவை முழுமையாகச் சீராக்கின. 1982 மார்ச்சில் தாஷ்கண்ட் உரையில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் இணக்கத்துக்கான சமிக்ஞை காட்டினார். அக்டோபரில் பேச்சு தொடங்கியது. சீனா மூன்று தடைகளைச் சுட்டியது: எல்லையிலும் மங்கோலியாவிலும் குவிந்திருந்த சோவியத் படை, ஆப்கானிஸ்தான் ஆக்கிரமிப்பு, கம்போடியாவில் சோவியத் ஆதரவு பெற்ற வியட்நாமின் படை. சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்குக்கு மூன்றாவதே முதன்மை. சோவியத் தலைவர் கொர்பச்சேவின் 1986 விளாடிவஸ்தக் உரைக்குப் பிறகே முடிச்சுகள் அவிழத் தொடங்கின. 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படை வெளியேறியது. மே 16 அன்று பெய்ஜிங்கில் டெங்கும் கொர்பச்சேவும் சந்தித்தனர். தியனன்மென் சதுக்கத்தை மாணவர்கள் நிறைத்திருந்ததால் வரவேற்புச் சடங்கே விமான நிலையத்துக்கு மாறியது. பழைய கூட்டணி மீளவில்லை, கைகுலுக்கலோடு நிற்கவே டெங் விரும்பினார். கிழக்கு எல்லை உடன்பாடு 1991 மே மாதம் கையெழுத்தானது.