முதல் தகவல் அறிக்கை

பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு முதலில் வரும் தகவலைப் பதியும் ஆவணம் முதல் தகவல் அறிக்கை. பேச்சு வழக்கில் எஃப்.ஐ.ஆர். இந்தியாவில் குற்றப் புலனாய்வு பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் இருக்கிறது.

தகவலைப் பாதிக்கப்பட்டவர்தான் தர வேண்டும் என்பதில்லை. குற்றவாளி யாரென்று தெரிந்திருக்கவும் வேண்டாம். வாய்மொழியாகச் சொன்னால் போலீசார் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இலவசம். சம்பவம் வேறு நிலையத்தின் எல்லையில் நடந்திருந்தாலும் பதிந்து அங்கே அனுப்ப வேண்டும். இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். தகவலை மின்னணு வழியாக அனுப்பினால், அனுப்பியவர் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

பதிவது அதிகாரி காட்டும் சலுகை அல்ல, கடமை. லலிதா குமாரி எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. குடும்பத் தகராறு, வணிகப் பிணக்கு, மருத்துவ அலட்சியம், ஊழல் போன்றவற்றில் மட்டும் முன்விசாரணைக்கு இடம் கொடுத்தது. புதிய சட்டம் இந்த வாசலைச் சற்று அகலப்படுத்தியிருக்கிறது: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை நடத்தலாம். புகாரைத் தள்ளிப்போட இது சாக்காகிவிடக் கூடாது.

தமிழகத்தில் புகாரோடு போகிறவர் கையில் பல நேரம் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று அது. வழக்குப் பதிவாகிவிட்டதாக நம்பி வீடு திரும்புவோர் ஏராளம். குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் குறித்த நகல் கிடைத்தால்தான் வழக்குப் பதிவானதாகக் கொள்ளலாம். பதிய மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்; அங்கும் பயனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

அறிக்கைப் படிவத்தில் சம்பவ நேரம், தகவல் கிடைத்த நேரம், தாமதத்துக்கான காரணம், நீதிமன்றத்துக்கு அனுப்பிய நேரம் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். இரவு 9 மணிக்குப் பதிந்ததாகச் சொல்லும் கொலை வழக்கு அறிக்கை மறுநாள் மாலைதான் நடுவர் கைக்குப் போயிருந்தால், இடையில் யோசித்துப் பெயர்களைச் சேர்த்தார்களா என்ற கேள்வி எழும். தாமதம் மட்டுமே வழக்கைச் சாய்த்துவிடாது. நியாயமான விளக்கம் போதும்.

இந்த அறிக்கை தன்னளவில் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியம் ஆகாது. தகவல் தந்தவர் கூண்டில் சொல்வதோடு ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று பார்க்கவே பயன்படும். ஆதாரமற்றது என்று கருதினால் குற்றம் சாட்டப்பட்டவர் அதை ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.