மந்தைவெளியும் என் முதுகும்

போன மாசம் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினேன், நிமிர முடியலை. வயசு இருபத்தெட்டுதாங்க! நாள் பூரா நாற்காலியே கதின்னு கிடந்தா வேற என்ன ஆகும்?

இந்த விஷயத்தில் நம்ம மந்தைவெளிக்கு ஒரு சரித்திரமே இருக்கு. 1888ல் பிறந்த கிருஷ்ணமாச்சார்யா, மைசூர் அரண்மனையில் யோகா கத்துக்கொடுத்துட்டு 1950களில் சென்னைக்கு வந்தவர். மகன் தேசிகாச்சார் நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர். 1960களில் அதை விட்டுட்டு அப்பாவிடமே மாணவரா சேர்ந்தார். 1976ல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தை ஆரம்பிச்சார். அவர் கொள்கை சிம்பிள்: ஆசனத்துக்காக உடம்பை முறுக்காதே, உடம்புக்கு ஏத்த மாதிரி ஆசனத்தை மாத்து, மூச்சோட சேர்ந்து மெதுவா அசை.

இந்த வழியில் வந்த 'வினியோகா'வை நாள்பட்ட இடுப்புவலிக்காரங்க 101 பேரிடம் அமெரிக்காவில் சோதிச்சாங்க. 2005ல் முடிவு வெளியாச்சு. 26 வாரம் கழிச்சுப் பார்த்தா, வெறும் புத்தகம் வாங்கிப் படிச்சவங்களை விட யோகா செஞ்சவங்களுக்கு வலித்தொல்லை குறைவு. ஆனா 2011ல் வந்த, 228 பேர் கலந்துக்கிட்ட ஆய்வில் ஸ்ட்ரெட்சிங் பயிற்சியும் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்துச்சு.

ஆக, மாயமந்திரம் ஒண்ணும் இல்லை. தினமும் அசையறதுதான் விஷயம். இப்போ மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கிறேன். காலையில மல்லாந்து படுத்து, மூச்சை விட்டுக்கிட்டே முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிறேன். ஷூ லேஸும் நானே கட்டிக்கிறேன்.

சரி, படிச்சாச்சா? கொஞ்சம் எழுந்திருங்க!