ஒரு ஆரஞ்சு, ஒரு கைப்பிடி கிராம்பு, அம்மாச்சியின் பாகு பதம்

இந்த எபிசோடை கட்டைவிரலில் பிளாஸ்திரியோட பேசிட்டு இருக்கேன். காரணம், ஒரு ஆரஞ்சுப் பழம்.

டிசம்பர் வந்தா இன்ஸ்டாகிராமில் இந்த வீடியோ கண்டிப்பா வரும். ஆரஞ்சுப் பழத்தில் வரிசையா கிராம்பைக் குத்தி, ரிப்பன் கட்டித் தொங்க விடுவாங்க. வீடு முழுக்க கிறிஸ்மஸ் வாசனையாம். பத்து நிமிஷ வேலையாம். அதை முடிச்சா அடுத்த வீடியோ, அவனே தேவைப்படாத பண்டிகை இனிப்பு. சரி, ரெண்டையும் செஞ்சு பார்த்திடலாம்னு உட்கார்ந்தேன். ஆரஞ்சுக்கு மட்டும் ஒன்றே கால் மணி நேரம் ஆச்சு. கிராம்போட தலை விரலை எப்படிப் பதம் பார்க்கும்னு எந்த வீடியோவிலும் சொல்லல.

படத்தை மதுரையில் இருக்கிற அம்மாச்சிக்கு அனுப்பினேன். உடனே போன். "ஏண்டி, பல்வலிக்கு வைக்கிற கிராம்பைப் பழத்துல குத்தி வச்சிருக்கியே, அது என்ன விலை விக்குதுன்னு தெரியுமா?"

சிரிச்சிட்டு வெச்சுட்டேன். ஆனா கேள்வி மனசுல நின்னுடுச்சு. இந்தச் சின்ன மொட்டுக்கு உலகம் கொடுத்த விலை, கேட்டா தூக்கம் வராது.

இந்த வாசனை உருண்டைக்கு ஐரோப்பாவில் பொமாண்டர் என்று பெயர். பிரெஞ்சில் 'அம்பர் ஆப்பிள்' என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து வந்தது. அம்பர் என்றால் இங்கே திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ். அதோடு வாசனைப் பொருள்களைச் சேர்த்து உருட்டி, வெள்ளிக் கூட்டுக்குள் வைத்து, கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்வார்கள். அழகுக்கு மட்டும் இல்லை. கெட்ட காற்றுதான் கொள்ளைநோயைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலம் அது. ஒரு வகையில் அந்தக் காலத்து மாஸ்க்.

அம்பர்கிரிஸ் வாங்க முடியாதவர்களுக்கு ஆரஞ்சும் கிராம்பும். அதுவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1616இல் பென் ஜான்சன் எழுதிய ஒரு கிறிஸ்மஸ் நாடகத்தில், புத்தாண்டுப் பரிசு என்பதே ஒரு கதாபாத்திரம். அது ஆரஞ்சோடு வருகிறது, ஆனால் குத்துவதற்குக் கிராம்பு இல்லை. அரசவையில் இதை வைத்து ஜோக் அடித்திருக்கிறார்கள்.

கிராம்பு ஏன் அவ்வளவு அரிது? அது இயற்கையாக விளைந்தது இன்றைய கிழக்கு இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் இருக்கும் டெர்னாட்டே, டிடோரே மாதிரி ஒரு சில சின்னத் தீவுகளில்தான். அங்கிருந்து அது கை மாறி கை மாறி வந்தது. இலங்கையில் மன்னாருக்குப் பக்கத்தில் மாந்தை என்ற பழைய துறைமுகம் இருக்கு, திருக்கேதீஸ்வரம் கோவில் இருக்கிற இடம். அங்கே அகழாய்வில் ஒரே ஒரு கிராம்பு கிடைத்தது. காலம் பொ.ஆ. 900க்கும் 1100க்கும் இடையில். நம்ம சோழர் காலம்! ஏதோ மூட்டையிலிருந்து தவறி விழுந்த ஒரு மொட்டு, ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்திருக்கு. எனக்கு இது பொற்காசுப் புதையலைவிடப் பெரிய விஷயம்.

1512இல் போர்ச்சுகீசியர்கள் அந்தத் தீவுகளுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி செய்ததுதான் கொடுமை. விலை குறையாமல் இருக்க என்ன வழி? கிராம்பு தங்கள் பிடியில் இருக்கும் இடத்தில் மட்டும் விளைய வேண்டும். 1652இல் டெர்னாட்டே சுல்தானோடு ஒப்பந்தம் போட்டார்கள். அம்போன் பக்கம் தவிர மற்ற இடங்களில் கிராம்பு மரங்களை வெட்டிவிட வேண்டும், சுல்தானுக்கு ஆண்டுதோறும் பணம். மரம் வளர்த்தவனுக்கு? படகுக் கூட்டம் கூட்டமாக வந்து வெட்டினார்கள். அந்தப் படகுகளில் துடுப்புப் போட வைத்ததும் உள்ளூர் மக்களையே. எதிர்த்து நின்ற ஊர்களில் போர். செராம் தீவின் ஹோவாமோல் பகுதியில் பிழைத்தவர்களை ஊரைவிட்டே கிளப்பிவிட்டார்கள். ஏதோ ஒரு வீட்டில் பண்டிகைக்கு வாசனை வர, இன்னொரு ஊரே காலி.

இந்தப் பிடி தளர்ந்தது திருட்டால். பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியில் 1770இல் கிராம்புக் கன்றுகள் ரகசியமாக மொரீஷியஸுக்குப் போய்ச் சேர்ந்தன. (புவாவ்ர் என்றால் பிரெஞ்சில் மிளகு. மிளகுன்னு பேர் வெச்சவர் கிராம்பைக் கடத்தியிருக்கார்!) 1800 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனி குற்றாலத்தில் கிராம்பு நட்டது. இன்று கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அம்மாச்சியின் அஞ்சறைப்பெட்டிக்குள் கிராம்பு சாதாரணமாக வந்து உட்கார இத்தனை நடக்க வேண்டியிருந்தது.

சரி, என் ஆரஞ்சு? ஆறாம் நாள் பூசணம். குளிர் நாட்டில் அது மெல்லக் காய்ந்து கல்லாகும். சென்னையில் மழை விடாத வாரத்தில் அழுகத்தான் செய்யும். அடுத்த தடவை இடைவெளியே இல்லாமல் நெருக்கிக் குத்தி, ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டேன். பிழைச்சுக்கிச்சு. அவசரக்காரங்களுக்கு ஒரு வழி: ஆரஞ்சுத் தோல், பட்டை, நாலு கிராம்பு, ஒரு பாத்திரம் தண்ணி, சிம்மில் அடுப்பு. தண்ணி வத்தாம பார்த்துக்கோங்க.

இனி இனிப்பு. வீடியோவில் வந்தது ரைஸ் கிரிஸ்பிஸ் ட்ரீட்ஸ். 1939இல் அமெரிக்காவில் கெல்லாக்ஸ் கம்பெனியின் சமையல் பிரிவில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரண்டு பெண்கள் உருவாக்கியது. கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமிகள் அமைப்பு விற்று நிதி திரட்டவும் அது உதவியது. வெண்ணெய், மார்ஷ்மெல்லோ இரண்டையும் உருக்கி, பொரித்த அரிசியைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பினால் முடிந்தது. (சைவம் சாப்பிடுறவங்க பாக்கெட்டைப் பாருங்க, பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும்.)

வாயில் போட்டதும் தெரிஞ்சிடுச்சு. இது நம்ம கார்த்திகைப் பொரி உருண்டையோட ஒண்ணுவிட்ட தங்கச்சி! அவன் இல்லாத நம்ம வீடுகளில் எல்லாப் பண்டிகை இனிப்பும் 'நோ-பேக்'தானே. ஒரே வித்தியாசம் பாகு. மார்ஷ்மெல்லோவுக்குப் பதம் பார்க்கத் தெரிய வேண்டாம். அந்த வேலையை ஃபேக்டரி முடிச்சுக் கொடுத்திருக்கு.

மறுபடி அம்மாச்சிக்குப் போன் போட்டேன். "பாகை ஒரு சொட்டு தண்ணியில விடு. உருட்டி டம்ளர்ல போட்டா டங்குன்னு கேக்கணும். அப்பத்தான் பொரியில ஊத்தணும். ஆறிட்டா உருட்ட வராது, சூட்டோட பிடிக்கணும்."

"கை சுடாதா அம்மாச்சி?"

"அரிசி மாவு தொட்டுக்கணும். அப்பவும் சுடத்தான் செய்யும். உங்க அம்மா சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு கார்த்திகைக்கு முந்நூறு உருண்டை பிடிச்சேன். ரெண்டு நாள் சோத்தைப் பிசைய முடியல. யாரு கேட்டா?"

நானும் அதுவரைக்கும் கேட்டதில்லை. முந்நூறில் எத்தனை தன் வாய்க்குப் போச்சுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "உடைஞ்சது ரெண்டு."