பெயர் எழுதுவது நிரலா, ட்ரிகரா?

ஒரு கல்லூரியின் கட்டணப் பதிவேட்டில் 45,000 ரூபாய் என்றிருந்தது 4,500 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார் மாற்றியது? தரவுத்தளத்தைக் கேட்டால் 'வெப்ஆப்' என்கிறது. அலுவலகத்தில் அப்படி ஒருவரும் இல்லை. இணையச் செயலி தரவுத்தளத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் கணக்கின் பெயர் அது. உள்ளே நூறு பேர் இருந்தாலும் செயலி பத்திருபது இணைப்புகளைத்தான் திறந்துவைத்து, வருகிறவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. கனெக்‌ஷன் பூல் என்பது இதைத்தான். ஓட்டல் சமையல்கட்டுக்குச் சர்வரைத் தெரியும். மேஜையில் உட்கார்ந்திருப்பவரைத் தெரியாது.

உட்கார்ந்திருப்பவரின் பெயரை யார் எழுதுவது? செயலியின் நிரலே எழுதலாம். அல்லது தரவுத்தளத்தில், வரி மாறும்போதெல்லாம் தானே இயங்கும் ஒரு ட்ரிகர் வைத்து அதை எழுதச் செய்யலாம்.

நிரல் எழுதுவது சுலபம். ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தில் ஒவ்வொரு கோரிக்கையோடும் உள்நுழைந்தவர் யார் என்பதும் சேர்ந்தே வருகிறது. சேமிக்குமுன் 'மாற்றியவர்' நெடுவரிசையில் அவரை இட்டால் போதும். ஆனால் எல்லாத் திருத்தமும் அந்த வாசல் வழியாகவா போகிறது? ஆயிரம் வரிகளை ஒரே வீச்சில் திருத்த ஜாங்கோவின் 'அப்டேட்'டைப் பயன்படுத்தினால், அது 'சேவ்'வையும் அழைக்காது, சிக்னலையும் எழுப்பாது. ரெயில்ஸ் சட்டகத்தின் 'அப்டேட் ஆல்' இதற்கு உடன்பிறப்பு. அப்போது பெயர் விடுபட்டுப்போனால்கூடப் பரவாயில்லை. அந்த வரியில் முன்பு எப்போதோ கைவைத்தவரின் பெயர் அப்படியே நிற்கும். செய்யாத திருத்தம் அவர் தலையில் விழும்.

ட்ரிகரை அப்படித் தாண்டிப் போக முடியாது. நிரல் வழியாக வந்தாலும், நிர்வாகி நேரே நுழைந்து கட்டளையிட்டாலும், அது விழித்துக்கொள்ளும். பாவம், வந்தது யாரென்றுதான் அதற்குத் தெரியாது. நிரல் காதில் ஓத வேண்டும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இதற்குக் கிளையன்ட் ஐடென்டிஃபையர் இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து செஷன் கான்டெக்ஸ்ட். போஸ்ட்கிரெஸில் நாமே ஒரு பெயர் சூட்டி மதிப்பை இட்டுக்கொள்ளலாம்.

ஆபத்து இந்த ஓதலில்தான். காலையில் கணக்கர் பெயரை ஓதிய இணைப்பு, வேலை முடிந்ததும் பூலுக்குத் திரும்பி, அடுத்த நிமிடம் நூலகரிடம் போகலாம். பெயரை அழிக்காமல் விட்டால் நூலகர் செய்தது கணக்கர் செய்ததாகப் பதிவாகும். எஸ்கியூஎல் சர்வரில் பூலிலிருந்து இணைப்பை மறுபடி எடுக்கும்போது இது துடைக்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸில் வெறும் 'செட்' போடாமல் 'செட் லோக்கல்' போட வேண்டும். பரிவர்த்தனை முடிந்ததும் பெயரும் போய்விடும். அதிலும் ஒரு குறும்பு: அந்த இணைப்பில் ஒருமுறை இப்படி இட்டு முடிந்தபின் கேட்டால் 'நல்' வராது, வெற்றுச் சரம் வரும். 'நல்' மட்டும் பார்க்கும் ட்ரிகர் அந்த வெற்றிடத்தையே ஒரு பெயராக எழுதிவைக்கும்.

பெயர் என்கிறேனே தவிர, எழுத வேண்டியது பயனர் எண்ணைத்தான். மீடியாவிக்கி மென்பொருளின் பழைய திருத்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு பெயரும் இருந்தது. ஒருவர் பெயர் மாற்றிக்கொண்டால் அவர் செய்த திருத்தம் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். பெயரை ஒரே இடத்தில் வைக்க, 2018-இல் வந்த 1.31 பதிப்பில் 'ஆக்டர்' என்று தனி டேபிள் போட்டார்கள்.

என் ஓட்டு ட்ரிகருக்கே. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், அணைக்க முடியாத திருத்தப் பதிவு கட்டாயம். நிரல் மட்டும் எழுதும் பதிவு, நேரே தரவுத்தளத்தில் கைவைப்பவரைப் பார்க்கவே பார்க்காது. டேபிளின் உரிமையாளர் ட்ரிகரையும் அணைத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு அவர் மெனக்கெட வேண்டும். நிரலை ஏமாற்ற மெனக்கெடவே வேண்டாம்.

ட்ரிகர் இரண்டு நெடுவரிசைகளை நிரப்பட்டும்: தான் கண்ட தரவுத்தளக் கணக்கு ஒன்றில், நிரல் சொல்லக் கேட்ட பயனர் எண் இன்னொன்றில். நிர்வாகி நேரே நுழைந்தால் இரண்டாவது காலியாக இருக்கும், முதலாவது அவரைக் காட்டிக்கொடுக்கும். அவரும் 'வெப்ஆப்' கடவுச்சொல்லையே போட்டு நுழைகிற அலுவலகங்களில் இதுவும் நடக்காது.