நவிர மலையின் மூங்கில் தேறல்

திருவண்ணாமலைக்கு மேற்கே, சவ்வாது மலையை அடுத்துச் சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா என வழங்கிய இவ்வூர், பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனின் தலைநகர். அவன் மீது இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய மலைபடுகடாம், மலையில் எழும் ஓசைகளின் களஞ்சியமாகப் போற்றப்படுகிறது. பருவதமலை எனப்படும் நவிர மலையைப் பாடும் அப்பாட்டு, மற்றொரு வரலாற்றையும் பொதிந்து வைத்திருக்கிறது. அது மலைவாழ் மக்கள் தம் குடில்களில் மது விளைவித்த தொழிலின் வரலாறு.

பரிசில் நாடிச் செல்லும் கூத்தர்கள் மலைச்சீறூரில் தங்கினால், மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேன்கள்ளின் தேறலைக் குறைவறப் பருகலாம் என்று வழிகாட்டுகிறார் புலவர். அதே தேறல், நன்னனின் அரண்மனை முற்றத்தில் குவிந்த மலைபடு பொருள்களுக்கிடையே மீண்டும் காட்சி தருகிறது. வழிப்போக்கனுக்கு விருந்தாக வார்த்ததையே அரசனுக்குக் காணிக்கையாகவும் அம்மக்கள் கொணர்ந்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தேன் தானாக மதுவாவதில்லை. அதில் இனிப்பு மிகுதி, நீர் குறைவு. அளவறிந்து நீர் கலந்த பின்னரே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதை நொதிக்கச் செய்யும். வெயில் காயும் நாட்டில் நொதித்தல் விரைந்து நிகழும். காற்றுப்பட விட்டாலோ மது காடியாகிப் போகும். ஆகவே மூடிய கலமும் குளிர்ந்த இடமும் வேண்டும். மூங்கிலின் கணுவே கலத்துக்கு அடியாயிற்று. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்திற் புதைத்து முதிரவைத்த தேறலைக் குடில்தோறும் வழங்கியதைக் கூறுகிறார் (புறநானூறு 120). நொதித்தலில் நுண்ணுயிரின் பங்கைப் பாஸ்டர் நிறுவியது 19ஆம் நூற்றாண்டில். மண்ணின் தண்மையை இம்மக்களின் கைகள் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தன.

சமவெளியில் நெல்லே மதுவுக்கு முதற்பொருள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அத்தொழிலைப் படிப்படியாக விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை விளையவைத்து, வெந்நீரில் அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்தனர். கள் சமைத்தவர் அறிவை அருகிருந்து கண்டவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

தொழிலின் படிகளைச் சொற்களே காத்து நிற்கின்றன. அரித்தெடுத்தது அரியல்; பிழிந்தது பிழி; நெல்லில் ஆக்கியது தோப்பி; கசடு தங்கித் தெளிந்தது தேறல். தேறலைக் கள்ளின் தெளிவு என்றே நச்சினார்க்கினியர் உரைக்கிறார். நாட்பட்ட தேறலின் கடுமைக்குத் தேள் கொட்டும் கடுப்பை உவமை கூறினார் ஔவையார். பிற்கால உரைகள் பலவும் இவை அனைத்துக்கும் கள் என ஒரே பொருள் எழுதிச் சென்றன. அவ்வாறு எழுதுகையில் அரித்த கையும் பிழிந்த கையும் காத்திருந்த நாள்களும் பாட்டிலிருந்து மறைந்து போகின்றன.

கொடிமுந்திரி மதுவைத் தமிழகம் அறியாமலில்லை. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தருவதைப் பாடுகிறார் (புறநானூறு 56). அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக் கடல்நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் அவ்வணிகத்துக்குச் சான்று பகர்கின்றன. கடல் கடந்த மது மன்னனின் பொற்கலத்தை அடைந்தது. மலைத்தேறலோ ஊர்ப்பெயரும் அறியாத கூத்தனின் கலத்திலும் நிறைந்தது.

இறந்தோர்க்கும் அது உரியதாயிற்று. நடுகல்லாகிவிட்ட அதியமான், நாரால் அரித்த மதுவைச் சிறுகலத்தில் உகுத்தால் ஏற்றுக்கொள்வானோ என்று ஔவையார் ஏங்கினார் (புறநானூறு 232). அவனது தகடூர் நாட்டுக்கு அண்டையிலுள்ள செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் வீரனின் காலருகே கெண்டி என்னும் மூக்குடைய கலம் செதுக்கப்பட்டிருக்கிறது.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். குடியால் அழிந்த குடும்பங்களின் துயர் அக்குறள்களை மெய்ப்பித்தே வந்துள்ளது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939இல் திருவண்ணாமலையை உள்ளடக்கிய வடாற்காட்டுக்கும், 1948இல் மாகாணம் முழுமைக்கும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைப்பட்டன. ஆலை மதுவின் சில்லறை விற்பனையோ 2003 முதல் அரசு நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. வீட்டளவில் விளைந்து விருந்தோம்பலோடு முடிந்த தொழில் மறைந்தது, குடி மறையவில்லை.

இழந்ததை மீட்டுக் குடிக்க வேண்டுமென்பதன்று இவ்வரலாறு கூறுவது. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிடில், செங்கண்மாவின் மூங்கிற்குழாய் ஏட்டோடு செல்லரித்துப் போயிருக்கலாம். சுவடியிலிருந்து அச்சேறிய சொற்களைப் பொருள் குன்றாமல் கையாளும் கடமை இனிக் கவிஞர்களுடையது. தேறல் என்று எழுதும் கை, அது தெளியும்வரை நன்னன் நாட்டுக் குடிலொன்றில் காத்திருந்தவரையும் நினைத்து எழுதுதல் வேண்டும்.