ஓக்கா மாவட்டமும் சோயோத்தர் மொழியும்

ஓர் இனத்தின் வரலாற்றை அதன் மொழியின் வரலாறாகவே கொள்ளும் வழக்கம் அறிஞரிடையே உண்டு. மொழி மாறிய பின்னும் இனம் தன் பெயரோடு நிலைபெறுதல் கூடுமா? இவ்வினாவிற்கு விடை காண, உருசிய நாட்டுப் புரியாத்தியக் குடியரசின் மேற்கெல்லையிலுள்ள ஓக்கா மாவட்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கிழக்குச் சயான் மலைத்தொடரில், மங்கோலிய நாட்டை ஒட்டி அமைந்தது இம்மாவட்டம். 3,491 மீட்டர் உயரமுடைய முங்கு-சார்திக் கொடுமுடி இதன் எல்லையில் உள்ளது. தலைமையிடம் ஓர்லிக் என்னும் சிற்றூர். பரப்பு ஏறத்தாழ 26,600 சதுர கிலோமீட்டர்; 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் 5,353 பேர். எனவே, ஐந்து சதுர கிலோமீட்டருக்கு ஒருவரே வாழ்ந்தனர் எனலாம். 1940 இல் இது தனி மாவட்டமாயிற்று.

இங்குத் தொன்றுதொட்டு வாழ்வோர் சோயோத்தர். வேட்டையும் துருவமான் வளர்ப்பும் அவர்தம் பழந்தொழில்கள். அவர்தம் முன்னோர் சாமோயது இனமொழி ஒன்றைப் பேசினர் என்றும், பின்னர்த் துருக்கிய மொழிக்கு மாறினர் என்றும் ஆய்வாளர் கருதுவர். அத்துருக்கிய மொழி, அண்டையிலுள்ள தோஃபா மொழிக்கு மிக நெருங்கியது. கால்நடையோடு வந்து குடியேறிய புரியாத்தருடன் மணவுறவு கொண்டு, யாக் என்னும் சடைமாடு வளர்க்கும் தொழிலையும் மேற்கொண்ட பின், சோயோத்தர் புரியாத்து மொழியினராயினர். 1963 இல் துருவமான் பண்ணையும் கலைக்கப்பட்டது. தொழில் மறைந்தவிடத்து அதற்குரிய சொற்கள் வழங்குதற்கு இடமின்றிப் போதல் இயல்பேயன்றோ!

அரசின் ஏடுகளிலும் அவர்தம் பெயர் மறைந்தது. நெடுங்காலம் புரியாத்தருள் அடக்கியே எண்ணப்பட்டனர். 2000 ஆம் ஆண்டிலேதான் சிறுதொகைத் தொல்குடிகளின் பட்டியலில் இடம்பெற்றனர். 2002 இல் 2,769 பேரும், 2010 இல் 3,608 பேரும் தம்மைச் சோயோத்தர் எனப் பதிவு செய்தனர். இப்பெருக்கம் மகப்பேற்றால் மட்டும் விளைந்ததன்று. பழம்பெயரைப் பலர் மீட்டுக்கொண்டமையாலும் விளைந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. இம்மாவட்டத்துப் பொத்தோகோல் மலையில் 1847 இல் அலிபேர் என்னும் பிரெஞ்சு வணிகர் உயர்ந்த காரீயகக் கனியைக் கண்டார். 1856 இல் செய்த ஒப்பந்தத்தால் அது செருமானிய நாட்டு ஃபாபர் பென்சில் தொழிற்சாலைக்குச் சென்றது. உலகோர் எழுதுதற்குக் கரி தந்த இம்மண்ணின் மொழிக்கோ 2001 வரை எழுத்தில்லை! முதியோர் சிலரிடம் எஞ்சியிருந்த சோயோத்து மொழியைக் கேட்டுத் தொகுத்த மொழியறிஞர் வாலந்தீன் ரசாதின், அவ்வாண்டில் அதற்கு எழுத்துமுறை வகுத்தார். 2003 இல் சோயோத்து–புரியாத்து–உருசிய அகராதியும் வெளியிட்டார்.

இவற்றால் பெறப்படுவது யாது? மொழி இருமுறை மாறியும் இனம் அழியவில்லை. ஆகலின், மொழியும் இனமும் ஒன்றே என்னும் கொள்கை இங்குப் பொருந்தாது. எனினும் இழப்பு சிறிதன்று. முதன்மொழியைப் பற்றி மிகச் சில தடயங்களே எஞ்சியுள்ளன. இரண்டாம் மொழியோ, பேசுவோர் முற்றும் மறையுமுன் ஒருவர் செவிமடுத்து எழுதியமையால் நூலளவிலேனும் நிற்கின்றது. சிறுபான்மையோர் மொழிகளை ஆராயப் புகும் மாணவர்க்கு இவ்வேறுபாடே தக்க பாடமாகும்.